கன்று ஈனும் மாட்டுக்கு டாக்சின் பைண்டர்

கேள்வி: சினை மாடு ஈன இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தீவனத்தில் லேசாகப் பூஞ்சை வாடை. டாக்சின் பைண்டர் (பூஞ்சை நச்சைப் பிடித்து உடலில் சேராமல் தடுக்கும் பொருள்) கலந்தால் போதுமா?

பதில்: வாடை வந்த தீவனத்தை முதலில் தள்ளி வையுங்கள். புண்ணாக்குக் கட்டியை உடைத்துப் பாருங்கள். உள்ளே பச்சையோ மஞ்சளோ படர்ந்திருந்தால் அந்த மூட்டையே வேண்டாம். பூஞ்சை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நச்சு இருக்கலாம் என்பதால் பைண்டர் அவசியம்தான்.

ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பும் பின்பும் மாடு தீவனம் குறைத்துத் தின்னும், எதிர்ப்புச் சக்தியும் தாழும். பூஞ்சை நச்சும் சேர்ந்தால் கருப்பை அழற்சி, மடிநோய், ஈரல் பாதிப்புக்கு வழி திறந்துவிடும். ஆகவே இந்த ஆறு வாரமும் விடாமல் கொடுங்கள்.

பெண்டோனைட் போன்ற களிமண் வகை அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சை நன்றாகப் பிடிக்கும். டிஆக்சிநிவலெனால் என்ற இன்னொரு பூஞ்சை நச்சை அநேகமாகப் பிடிக்காது. சியரலெனோன் என்ற மற்றொரு பூஞ்சை நச்சுக்கு ஈஸ்ட் செல்சுவர் கலந்த தயாரிப்பு ஓரளவு உதவும். களிமண் வகை என்றால் பொதுவாக நாளொன்றுக்கு 50 முதல் 100 கிராம். பாக்கெட்டில் உள்ள அளவே முடிவானது. மொத்தத் தீவனத்தில் அப்படியே தூவினால் அடியில் தங்கிவிடும். ஒரு கிலோ அடர்தீவனத்தில் முதலில் கலந்து, பிறகு மீதியோடு சேருங்கள்.

வாய்வழி மருந்து கொடுக்கும்போது மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில ஆன்டிபயாட்டிக்குகளையும் களிமண் பிடித்துக்கொள்ளும். பால்காய்ச்சலைத் தடுக்க ஈனுமுன் தரும் சியோலைட் என்ற கனிமப் பொருள் வேறு, அதை ஈன்றதும் நிறுத்திவிட வேண்டும். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் பாலில் வரும் அஃப்ளாடாக்சின் எம்1 (தீவன அஃப்ளாடாக்சின் மாட்டின் உடலில் மாறி வரும் நச்சு) மூன்று நான்கு நாளில் வெகுவாகக் குறைந்துவிடும்.