டொரத்தி ஓடிக்கொண்டிருக்கிறாள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். வன்னியில் விசுவமடுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 'கிரகரிஸ் கேர்ள்' என்ற ஸ்கொட்லாந்துப் படத்தைப் பற்றி முன்பு நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைத் தேடி எடுத்து, ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டபிறகு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரொஜெக்டரில் போட்டுக் காட்டினேன். அவர்களின் ஆங்கிலம் எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. கீழே ஓடுகிற எழுத்தைப் பார்த்துப் பார்த்து நானே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பெடியங்கள் பற்றைக்குள் நின்று தாதியின் அறையை எட்டிப் பார்க்கிற தொடக்கக் காட்சியைக் காட்டாமல் கடத்திவிட்டேன்.

உதைபந்தாட்ட அணியில் தன்ர இடத்தைப் பிடித்த டொரத்தி என்ற பெட்டையிலேயே அந்தப் பதினாறு வயதுப் பெடியன் கிரகரி மயங்கித் திரிவதைப் பார்த்துப் பிள்ளைகள் வயிறு நோகச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு. என்ர வகுப்பிலும் அப்படி ஒருவன் இருக்கிறான். எங்கள் பெண்கள் அணியில் விளையாடுகிற ஒரு பிள்ளைக்காகப் பின்னேரம் முழுக்க மைதானத்தின் கரையில் தண்ணிப் போத்தலோடு நிற்கிறவன். எல்லாருக்கும் தெரிந்த விசயம். சிரிப்போடு சிரிப்பாக, "பாத்தியா தம்பி, உன்னைப் போலவே ஒருத்தன்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது. எழும்பிப் போனவன்தான். திங்களும் செவ்வாயும் பள்ளிக்கூடம் வரவில்லை.

கடைசியில் கிரகரியும் சூசன் என்ற இன்னொருத்தியும் புல்லில் படுத்திருக்கிற காட்சி வந்ததும், தாய் தகப்பன்மார் ஏதும் சொல்வார்களோ என்ற பயத்தில் படத்தை நிற்பாட்டிவிட்டேன்.

கனிவான படம் என்று எழுதினீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு பெடியனின் மனதை வைத்துப் பகிடி பண்ணுகிற படமாகத்தான் தெரிகிறது. ஒருத்திக்காக அவ்வளவு உருகினவன் ஒரே பின்னேரத்தில் இன்னொருத்தியோடு சந்தோசமாகப் போகிறான் என்றால், முதல் இருந்தது பொய்தானே? இதை எங்கட பிள்ளைகளுக்குக் காட்டினது பிழையோ என்று யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம் என்று கேட்கும் ஒரு வாசகி

வணக்கம் ரீச்சர்,

முதலில் அந்தத் தம்பியின் விசயம். படம் காட்டினது பிழையே இல்லை. அந்த ஒரு வசனம்தான் பிழை. நாங்கள் சிரிப்பது திரையில் இருக்கிற கிரகரிக்குக் கேட்காது. வகுப்பில் இருந்தவனுக்குக் கேட்டது. தான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நம்பியிருந்த ஒன்று ஊருக்கே தெரியும் என்று பதினாறு வயதில் அறிவது லேசான விசயம் இல்லை. அவன் வந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது தம்பி" என்று மட்டும் சொல்லுங்கள். புத்திமதி வேண்டாம். அந்தப் பிள்ளையின் பெயரை எடுக்கவும் வேண்டாம்.

இனிப் படம். பில் ஃபோர்சைத் இதை 1981இல் வெளியிட்டார். எழுதியது அதற்கு முன்பே. எடுக்கக் காசு கிடைக்காததால், கிளாஸ்கோவில் இருந்த ஓர் இளைஞர் நாடகக் குழுவின் பிள்ளைகளை வைத்து மிகச் சொற்பச் செலவில் வேறொரு படத்தை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் இதற்கு வந்தார். அந்தக் குழுவில் இருந்த பிள்ளைகள் பலர் இதிலும் நடித்தார்கள். கிரகரியாக வரும் ஜோன் கோர்டன் சின்கிளயர் அவர்களில் ஒருவர். அவரது நீட்டிய கைகால்களில் தெரிகிற கூச்சம் அந்த வயதுக்கே உரியது. பெரிய நடிகர் ஒருவரிடம் அதை வாங்கியிருக்க முடியாது. அவர்களின் ஆங்கிலம் பிடிபடவில்லை என்றீர்கள். அமெரிக்காவில் திரையிடுவதற்காக அந்த ஸ்கொட்லாந்து உச்சரிப்பை இளக்கித் திரும்பவும் குரல் பதிவு செய்தார்கள். அமெரிக்கர்களுக்கே விளங்காது என்று நினைத்த பேச்சை விசுவமடுவில் நின்று தமிழில் சொல்லியிருக்கிறீர்கள் ரீச்சர். அது சின்ன வேலை இல்லை.

பகிடி பண்ணுகிறது என்கிறீர்கள். பகிடி இருக்கிறதுதான். ஆனால் படத்துக்குள்ளே கிரகரியை நோகடிக்கிற ஆள் யார் என்று தேடிப் பாருங்கள். முன்வரிசையில் ஆடியவனைக் கோல் காக்க விடுகிறார்கள். அவன் இடத்துக்கு டொரத்தி வருகிறாள். அவனுக்கு அதில் துளி எரிச்சல் இல்லை. அவள் கோல் போட்டால் அவனுக்குத்தான் பெரிய சந்தோசம். பத்து வயதுத் தங்கச்சி மடலின் அவனுக்கு உடுப்புப் பார்த்து யோசனை சொல்லுகிறாள். பலகாரம் சுடுவதிலேயே கண்ணாக இருக்கிற கூட்டாளி ஸ்டீவ் தன்ர வெள்ளைக் கோட்டைக் கொடுக்கிறான். கடைசியில் டொரத்தியைச் சந்திக்க மணிக்கூட்டுக்குக் கீழே அவன் காத்து நிற்க, அவள் வரவில்லை. கரோல் வருகிறாள், பிறகு மார்கோ, பிறகு சூசன். பெட்டைகள் கூடிப் பேசிச் செய்த ஏற்பாடு. நாலு பெட்டைகள் கூடினால் ஒரு பெடியனை ஊர் சிரிக்க வைத்திருக்கலாம். இவர்கள் அவனை விழுத்தாமல், ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தி வாங்கி, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்கிறார்கள். நான் கனிவு என்று எழுதியது இதைத்தான்.

அந்த ஊரையும் கவனித்திருப்பீர்கள். கம்பர்னோல்ட். கிளாஸ்கோவின் நெரிசலில் இருந்த குடும்பங்களுக்காக 1955இல் புதுநகரமாக அறிவித்துக் கட்டிய இடம். மரமெல்லாம் இளசு, வீதியெல்லாம் புதுசு, பெரும்பாலும் வந்து குடியேறிய சனம். எங்கட வன்னியிலும் காடு வெட்டி, வாய்க்கால் இழுத்து, காணி அளந்து கொடுத்துக் குடியேறிய ஊர்கள் எத்தனை. கொலனியில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் புதுவீதிகளைப் பார்க்க ஏனோ சொந்தமாக இருந்தது.

முதல் இருந்தது பொய்தானே என்ற உங்கள் கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். என்ர கதை ஒன்றைச் சொன்னால்தான் மறுமொழி வரும்.

1996ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலிக் கடலேரி கடந்து வன்னிக்குள் வந்து நிறைந்த நேரம். எங்கள் வளவின் மூலையில் கொட்டில் போட்டு ஒரு குடும்பம் இருந்தது. மூத்த பிள்ளை ஏ.எல். (உயர்தரம்) உயிரியல் படித்துக்கொண்டிருந்தா. எனக்குப் பதினாறு. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் பஞ்சும் விட்டுக் கொளுத்துகிற விளக்கு. அந்த வெளிச்சத்தில் அவ குனிந்து படிப்பதை நான் எங்கள் திண்ணையில் இருந்து பார்ப்பேன். வேறொன்றும் இல்லை, பார்ப்பது மட்டும்தான். வைகாசி முடிந்து பாலை பழுத்தது. விடியக் காட்டுக்குப் போய், கொப்பு முறித்து, ஒரு பெட்டி நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்து கொட்டில் வாசலில் நின்று கொடுத்தேன். வாயில் போட்டா. உதட்டில் பால் ஒட்டியது. அவ என்னை நிமிர்ந்து பார்ப்பா என்று நின்றேன். அவ கொட்டையைத் துப்பி, உள்ளங்கையில் வைத்து, விளக்கடிக்குக் கொண்டுபோய்ப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தா. "இதின்ர இலை ஒண்டு கொண்டு வாறியே தம்பி?" என்று கேட்டா. அடுத்த நாள் இலை கொண்டுபோனேன். கொப்பியில் கீறி, பக்கத்தில் மணில்கரா ஹெக்சாண்ட்ரா என்று எழுதினா. பழமெல்லாம் தம்பி தங்கச்சியருக்குப் போயிற்று. பிறகு அவர்கள் மல்லாவிப் பக்கம் மாறிப் போனார்கள்.

அது பொய்யா? எனக்கு அவவைத் தெரியாது. என்ன பிடிக்கும், எதற்குப் பயம், இரவில் ஏன் அவ்வளவு நேரம் முழித்திருக்கிறா, ஒன்றும் தெரியாது. தெரியாத ஆளில் வைத்த ஆசை. ஆனால் விடியக் காட்டுக்குப் போனது உண்மை, பழத்தை நசுங்காமல் கொண்டுவந்தது உண்மை. கிரகரிக்கும் டொரத்தியைத் தெரியாது. அவள் நன்றாக விளையாடுகிறாள் என்பது மட்டும் தெரியும். படம் முழுக்க அவளோடு அவன் பேசியதைக் கூட்டிப் பார்த்தாலும், சூசனோடு அந்த ஒரு பின்னேரம் பேசியதுதான் கூட என்று எனக்குப் படுகிறது. புல்லில் படுத்தபடி கையை மட்டும் ஆட்டி ஆடுகிறார்கள். ஆட்டத்தை நிறுத்தினால் பூமியில் இருந்து விழுந்துவிடுவோம் என்கிறான். டொரத்திக்கு முன்னால் இப்படி ஒரு பேச்சு அவன் வாயில் வந்திருக்குமா? அவளுக்கு முன்னால் அவனுக்கு நாக்கே புரளாது.

நீங்கள் பயந்த காட்சி இவ்வளவுதான் ரீச்சர்.

இதை நான் எங்கட பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்ல வேறு காரணம் இருக்கிறது. 2007, 2008 உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் பிள்ளைகளைப் போருக்குக் கொண்டுபோன காலம். கலியாணம் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, பதினாறும் பதினேழுமாக எத்தனை பிள்ளைகளுக்குத் தாலி ஏறியது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன். ரியூசனில் ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான் என்ற கதை வந்தது. அவ்வளவுதான். இரண்டு வீடும் பேசி, ஒரு கிழமைக்குள் எழுத்து முடிந்தது. அவர்கள் ஒருவரையொருவர் விரும்பினார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை, அவர்களே கேட்டிருக்க மாட்டார்கள். நான் அந்தக் கலியாணத்தில் சாப்பிட்டவன். மாப்பிள்ளைக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. தாய் தகப்பனைக் குறை சொல்ல என்னால் முடியாது. பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்று செய்தார்கள். ஆனால் அந்தப் பெடியனுக்கு, ஒருத்தியைப் பார்த்து மயங்கி, அவளில்லை என்று அறிந்து, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, மூன்றாம் நாள் எழும்பி மைதானத்துக்குப் போகிற வாய்ப்பு இருக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு, "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்கிற வாய்ப்பு இருக்கவில்லை. உங்கள் பதினோராம் வகுப்பில் இருக்கிறவர்கள் அந்தப் போர் முடிந்ததை ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். அவர்களின் தாய் தகப்பனில் சிலர் அப்படிக் கட்டியவர்களாக இருப்பார்கள். அந்த வகுப்பு இருந்து, பிழையான இடத்தில் ஆசை வைத்த ஒருவனைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தது என்று நீங்கள் எழுதிய வரியை நான் மூன்று தரம் வாசித்தேன்.

எங்கட பிள்ளைகள் வழக்கமாகப் பார்க்கிற படங்களில் பெடியன் பின்னால் திரிவான், அவள் மறுப்பாள், பிறகும் திரிவான், கடைசியில் அவள் சம்மதிப்பாள். பாலுமகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த எங்கட ஆள். அவர் 1979இல் 'அழியாத கோலங்கள்' எடுத்தபோது மூன்று பெடியங்களும் ஷோபா நடித்த ரீச்சரில் மயங்கினார்கள், அவ அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அந்தப் படம் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. அப்படியான படங்கள் எங்களிடம் குறைவு. அதனால்தான் ஸ்கொட்லாந்து வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

ஒரு விசயம் என்னை நெருடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்தத் தம்பியைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். மைதானத்தில் விளையாடுகிற பிள்ளையைப் பற்றி ஒன்றுமில்லை. அவளும் அந்த வகுப்பில்தானே இருந்திருப்பாள். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்த அதே நேரம், இரண்டாவதாக அவளைத்தான் பார்த்திருப்பார்கள். அவள் சிரித்தாளா, குனிந்தாளா? திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்தாளா? எங்கட ஊரில் ஒரு பெடியனின் பெயரோடு சேர்த்து நாலு பேர் கதைத்துவிட்டால் முதலில் நிற்பாட்டப்படுவது பிள்ளையின் விளையாட்டுத்தான். அவளின் வீட்டுக்கு ஏதும் கதை போயிருந்தால், அவளை அணியில் வைத்திருக்க நீங்கள்தான் முன்னுக்கு நிற்க வேண்டும்.

தொடக்கக் காட்சியைக் கடத்தியது சரி. அது தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியாத ஒரு பெண்ணை இருட்டில் நின்று பெடியங்கள் பார்க்கிற காட்சி. ஆனால் முடிவை நிற்பாட்டியதால் உங்கள் வகுப்பு ஒன்றைப் பார்க்கவில்லை. கிரகரி சூசனை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தங்கச்சியோடு கதைத்த பிறகு, இரவில், ஊருக்கு வெளியே வீதிக்கரையில் அவனுடைய இரண்டு கூட்டாளிகள் வாகனம் மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். கராகஸ் நகரத்தில் ஆண்களைவிடப் பெண்கள் கூட என்று கேள்விப்பட்டு அங்கே புறப்பட்டவர்கள். அந்த வீதியால் டொரத்தி வருகிறாள். அவளை யார் விரும்பினார்கள், யார் எங்கே காத்து நின்றார்கள் என்ற கதையெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. அவளுக்கு அடுத்த ஆட்டம் இருக்கிறது. தன்பாட்டில் பயிற்சி ஓட்டம் ஓடி, இருட்டுக்குள் போகிறாள்.

சில நிமிடம்தான். வருகிற வெள்ளிக்கிழமை அதை மட்டும் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி இருந்தால் முடிந்து வரும்வரை பொறுத்து, அவளும் வந்து இருந்த பிறகு போடுங்கள்.

அன்புடன்.