இலையை அச்சிட்டால் இயற்கை ஆகிவிடாது: டெனிம் தொகுப்பு பற்றி ஒரு பதில்

கேள்வி: இயற்கையைக் கருவாகக் கொண்டு டெனிம் ஆடைத் தொகுப்பு ஒன்றை எப்படி வடிவமைப்பது? உள்ளூர் வடிவமைப்பாளர்களுக்கு எந்த வகையில் துணை நிற்கலாம்?

நான் கைத்தறி டெனிமில் சிறு அளவில் ஆடை வடிவமைத்து வருகிறேன். இக்கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் எந்தப் பூவை அச்சிடுவது என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். நான் சாயத்திலிருந்து தொடங்கச் சொல்வேன்; ஏனெனில் டெனிமின் அழகு முழுவதும் அதன் நீலத்தில்தான் இருக்கிறது. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். (BASF) நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் வரை அந்த நீலம் செடியிலிருந்தே வந்தது. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஊர்களில் அந்தச் செடியான அவுரியை இன்றும் பயிரிடுகிறார்கள்.

அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. தகரை விதையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தொட்டியில் புளிக்க வைத்தால்தான் அது நூலில் ஏறும் நிலைக்கு வரும். நூல் சிட்டத்தை முக்கி வெளியே எடுக்கும்போது அது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் நம் கண்ணெதிரே ஓரத்திலிருந்து நீலமாக மாறும். சாயம் நூலின் மேற்பரப்பில் மட்டும் படிந்து நடுப்பகுதி வெள்ளையாகவே நிற்பதால்தான், உடுத்த உடுத்த முழங்காலிலும் பையின் ஓரத்திலும் டெனிம் வெளுக்கிறது. இந்த வெளுப்பையும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

என் தொகுப்பு ஒன்றுக்குப் பழவேற்காடு ஏரியின் அந்திநேரத்து நீரை எடுத்துக்கொண்டேன். இரண்டு முக்கு வாங்கிய வெளிர்நீல நூலிலிருந்து பத்து முக்கு வாங்கிய கருநீல நூல் வரை, பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களை, வரிசையாக அடுக்கி நெய்து, துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்டினேன். கரையோரத்து ஆழமற்ற நீர் மேலே போகப் போகக் கருப்பது போன்ற தோற்றம் எந்த அச்சும் இல்லாமல் கிடைத்தது. ஆனால் முதல் சட்டை, ஒரு முறை துவைத்ததும் மார்புச் சுற்றில் இரண்டு அங்குலம் சுருங்கிவிட்டது. தறியில் இழுபட்டு நிற்கும் பாவுதான் அதிகம் சுருங்கும் என்பதால், குறுக்கு வெட்டில் அந்தச் சுருக்கம் உடம்பின் அகலத்தில் வந்து விழுந்தது. அன்றுமுதல் துணியை இரண்டு முறை துவைத்து உலர்த்திய பிறகே கத்தரியை எடுக்கிறேன். எடையையும் கவனியுங்கள்: ஜீன்ஸுக்கு வழக்கமான, சதுர கஜத்துக்கு 12 அவுன்ஸ் எடையுள்ள துணியில் பனையோலை போன்ற மடிப்பு நிற்காது, பாதி எடையில் நெய்தால் நிற்கும்.

செடிச் சாயம் என்பதாலேயே கேடு நீங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சாயக் கழிவு நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் எப்படி மாசுபடுத்தியது என்பதையும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நாம் அறிவோம். கழுவிய நீர் எங்கே போகிறது என்று சாயம் போடுபவரிடம் கேட்டுவிட்டே வேலையைக் கொடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தறியில் ஒரு பாவை ஏற்றினால் அதை முழுவதும் நெய்தே ஆக வேண்டும். அத்தனை துணியை வாங்கும் பணம் புதிதாகத் தொழிலுக்கு வரும் வடிவமைப்பாளரிடம் இருப்பதில்லை. நாங்கள் மூவர் ஒரே நீலப் பாவைப் பங்கிட்டுக்கொண்டோம். ஒருவர் வெள்ளை ஊடையும் (குறுக்கே ஓடும் நூல்), ஒருவர் கடுக்காய்ச் சாயமிட்ட ஊடையும், நான் கறுப்பு ஊடையும் போட்டதால் ஒரே பாவிலிருந்து மூன்று வேறு துணிகள் வந்தன, நெசவாளருக்கும் கூலி தடைபடவில்லை. கடை நடத்துபவராக இருந்தால், விற்ற பிறகு தருகிறேன் என்று ஆடைகளை வாங்கி வைக்காதீர்கள். அப்படி வாங்கிய ஒரு கடையிலிருந்து பணம் வர எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று, அதற்குள் அடுத்த பாவுக்கு நூல் வாங்க முடியாமல் தறி நின்றது. பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள், மாதிரி தைத்த கூலியையும் தனியாகக் கொடுங்கள், ஆடையின் சீட்டில் வடிவமைத்தவர் பெயரோடு நெய்தவர் பெயரையும் போடுங்கள்.