கெயின் கணக்கு: டிரான்சிஸ்டரும் வால்வும் (கேள்வி பதில்)

கருங்கல்லிலிருந்து: அண்ணாச்சி, மீட்டர்ல பிசி 547 டிரான்சிஸ்டருக்கு எச்எஃப்இ 300 காட்டுது. 10 மில்லிவோல்ட் மைக் சிக்னல் 3 வோல்ட் ஆயிருமா?

ஆகாது தம்பி. எச்எஃப்இ 300 என்பது கரண்ட் பெருக்கம். வோல்டேஜ் கெயினை, அதாவது வோல்டேஜ் எத்தனை மடங்காகும் என்பதைத் தீர்மானிப்பது கலெக்டர், எமிட்டர் என்ற டிரான்சிஸ்டர் கால்களில் கலெக்டர் ரெசிஸ்டரும் எமிட்டர் பக்கம் உள்ள ரெசிஸ்டன்ஸும்தான். எமிட்டருக்குள்ளேயே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டு. 26-ஐ கலெக்டர் கரண்டால் (மில்லிஆம்பியரில்) வகுத்தால் ஓம் கணக்கில் கிடைக்கும். 1 மில்லிஆம்பியர் ஓடினால் 26 ஓம். கலெக்டரில் 4.7 கிலோஓம் போட்டு, எமிட்டர் ரெசிஸ்டருக்கு பைபாஸ் கெப்பாசிட்டரும் (சிக்னல் அந்த ரெசிஸ்டரைச் சுற்றிப்போக வழி தருவது) வைத்தால் 4700/26, ஏறக்குறைய 180 மடங்கு. ஆனால் 10 மில்லிவோல்ட் கொடுத்தாலே குரல் கெட்டுப்போகும். பைபாஸ் இல்லாமல் 470 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர் வைத்தால் 4700/496, சுமார் 9.5. எந்த பிசி 547-ஐ மாட்டினாலும் கிட்டத்தட்ட அதே 9.5 வரும். கெயின் அதிகம் வேண்டுமென்றால் இப்படி இரண்டு ஸ்டேஜ் (ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கும் அடுக்கு) போடுங்கள், என் கை அதற்குத்தான் போகும்.

குலசேகரத்திலிருந்து: எனக்குக் கணக்குல 180. அடுத்த ஸ்டேஜை சேர்த்ததும் பாதிதான் வருது.

அடுத்த ஸ்டேஜின் இன்புட்டும் 4.7 கிலோஓம் அளவில் இருந்தால், அது உங்கள் கலெக்டர் ரெசிஸ்டரோடு பேரலல். 2.35 கிலோஓமை வைத்துப் போட்டுப் பாருங்கள், 90 வரும்.

தக்கலையிலிருந்து: ஈசிசி 83 வால்வுக்கு மியூ 100-ன்னு போட்டிருக்கு. எனக்கு 30 கூட தாண்டலையே?

மியூ என்பது வால்வின் வோல்டேஜ் பெருக்க எண். அந்த 100 முழுசாக ஒருபோதும் கிடைக்காது. மியூவை பிளேட் ரெசிஸ்டரால் பெருக்கி, அதே ரெசிஸ்டரையும் வால்வின் உள் ரெசிஸ்டன்ஸையும் கூட்டி வகுக்க வேண்டும். உள் ரெசிஸ்டன்ஸ் 62.5 கிலோஓம், பிளேட்டில் 100 கிலோஓம் என்றால் 61.5. பிளேட் வோல்டேஜ் இறங்கும்போது உள் ரெசிஸ்டன்ஸ் ஏறுவதால், நிஜத்தில் 50-க்கும் 60-க்கும் நடுவே நிற்கும். உங்கள் 30-க்குக் காரணம் கேத்தோடு பைபாஸ் கெப்பாசிட்டர் காய்ந்துபோனதாக இருக்கலாம். அது இல்லாவிட்டால் 1.5 கிலோஓம் கேத்தோடு ரெசிஸ்டர் மியூ கூட்டல் ஒன்று, அதாவது 101 மடங்காகி வகுக்கும் பக்கம் சேர்ந்துவிடும், கெயின் 32-க்கு விழும். நல்ல 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைப் பழையதற்குப் பேரலலாக இணைத்துப் பாருங்கள். ஒலி எழும்பினால் அதுதான் காரணம். இணைக்குமுன் செட்டை அணைத்து, பவர் சப்ளை கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்யுங்கள். அணைத்த பிறகும் அங்கே 250 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், உயிர் போகும் சமாச்சாரம்.

குளச்சலிலிருந்து: கணக்கெல்லாம் சரி அண்ணாச்சி, பழைய வால்வு செட் சத்தம் மட்டும் கரகரன்னு வருது.

கடற்கரை ஈரமும் இரண்டு மழைக்காலமும் சேர்ந்தால் ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு சிக்னலைக் கடத்தும் பழைய பேப்பர் கப்ளிங் கெப்பாசிட்டர் டிசியைக் கசியவிடும். அடுத்த வால்வின் கிரிட்டில் (சிக்னல் நுழையும் கால்) டிசி அளந்து பாருங்கள். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் பிளஸ் 1 வோல்ட் நின்றாலும், கெயின் கணக்கை மூடிவைத்துவிட்டு முதலில் அந்த கெப்பாசிட்டரை மாற்றுங்கள்.