காலையில் மட்டும் அடம்பிடிக்கும் கணினி

தம்பி, காலையில் ஃபேன் சுழன்றும் திரை கறுப்பாகவே இருக்கிறது, நாலைந்து முறை அழுத்திய பிறகுதான் உயிர் வருகிறது என்கிறீர்கள். உடனே மதர்போர்டை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள்! வேதாரண்யத்து உப்புக்காற்றில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேம் என்ற நினைவகப் பட்டையைத்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைக் கழற்றி, பொன்னிறப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புகை படிந்தாற்போல் மங்கியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, காய்ந்ததும் 'டக்'கென்று பூட்டும்வரை அழுத்துங்கள்.

அப்படியும் சரியாகவில்லையா? பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பகுதி) என்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான். அதற்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் தளர்ந்துவிட்டால் குளிர்ந்திருக்கும்போதுதான் அதிகம் தடுமாறும், சூடேறியதும் ஓடும். வேறொன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். பழையதைத் தயவுசெய்து திறக்காதீர்கள், பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். தேதியும் நேரமும் தவறினால் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர் 2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.