வெனிஸின் முகமூடியும் மஞ்சள் தொப்பியும்

கேள்வி: பழைய வெனிஸ் நகரில் ஆண்டின் பாதி நாட்கள் மக்கள் முகமூடி அணிந்தே நடமாடினார்களாம். ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு அதனால் மறைந்துவிட்டதாமே? உலகின் முதல் சமத்துவ நகரம் என்று அதைச் சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. அந்த நகரத்தின் அழகில் மயங்கியவர்கள் பரப்பிய கதை இது.

பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸில் புகழ்பெற்ற உடை 'பௌத்தா'. வெள்ளை முகமூடி, தோள்வரை இறங்கும் கறுப்பு முக்காடு, முக்கோணத் தொப்பி, நீளமான கறுப்பு மேலங்கி. முகமூடியின் கீழ்ப்பகுதி முன்னுக்குத் துருத்தி நிற்கும். அதைக் கழற்றாமலே உண்ணலாம், குடிக்கலாம். குரலும் மாறி ஒலிக்கும். அணிந்தவரைப் பெயர் சொல்லியோ பட்டம் சொல்லியோ அழைக்க மாட்டார்கள், 'முகமூடியாரே' என்பார்கள். சமத்துவக் கதை பிறந்தது இங்கேதான்.

ஆனால் இந்த மறைப்பால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். வெளிநாட்டுத் தூதர்களோடு பழகப் பிரபுக்களுக்குச் சட்டம் தடை விதித்திருந்தது. முகமூடி இருந்தால் இருவரும் ஒரே அரங்கில் உலவலாம். பார்த்தவர் பார்க்காதவர்போல் இருந்துவிடுவார். 1638இல் அரசின் அனுமதியோடு திறந்த 'ரிதொத்தோ' என்ற சூதாட்ட மாளிகையில் ஆட வந்தவர்கள் முகமூடி அணிந்தாக வேண்டும். மேசையை நடத்திய பிரபு மட்டும் முகம் தெரிய அமர்ந்திருப்பார். அந்த வேலை பிரபுக் குலத்தாருக்கே உரியது. சொத்தெல்லாம் போய் நொடித்த பிரபுக்களும் இருந்தார்கள். குலப் பெயருக்குக் களங்கம் வராமல் கையேந்த அவர்களுக்கு முகமூடிதான் கைகொடுத்தது. குல வேற்றுமை இதில் எங்கே அழிந்தது? பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டது.

நினைத்ததையெல்லாம் உடுத்தும் உரிமையும் அங்கே இருந்ததில்லை. ஆடம்பரத்தைக் கண்காணிக்கவே அரசு 1514இல் தனி அதிகாரிகளை நியமித்தது. பெண்களின் முத்துமாலை முதல் விருந்துச் செலவுவரை அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். கோந்தோலாப் படகுகள் கறுப்பாக இருப்பதற்கும் இப்படிப்பட்ட சட்டங்களே காரணம் என்பார்கள்.

எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. யூதர்கள் மார்பில் மஞ்சள் வட்டம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று 1394இல் ஆணையிட்ட நகரமும் இதுதான். 1496இல் வட்டம் போய் மஞ்சள் தொப்பி வந்தது. தொப்பியின் நிறம் பிறகு சிவப்பாயிற்று. 1516இல் அவர்கள் அனைவரையும் 'கெத்தோ' என்ற தீவுக்குள் குடியமர்த்தினார்கள். இரவானால் வாயில்கள் பூட்டப்படும். கிறிஸ்தவக் காவலர்கள் காவல் நிற்பார்கள். அவர்களுக்கான கூலியையும் உள்ளே அடைபட்ட யூதர்களே கொடுக்க வேண்டும்! பிரபுவுக்கு முகத்தை மறைக்கும் சலுகை, யூதருக்கு நூறடி தூரத்திலேயே அடையாளம் தெரிய வேண்டிய கட்டாயம். இரண்டையும் விதித்தது ஒரே அரசு. முதலாவதை மட்டும் வியந்து பேசுவது நியாயமா?

நெப்போலியனின் படை வந்ததும் 1797 மே மாதத்தில் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது. ஜூலையில் கெத்தோவின் வாயிற்கதவுகளைப் பெயர்த்து, கெத்தோவின் திடலிலேயே போட்டு எரித்தார்கள். அங்கே சமத்துவத்தின் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் அந்த நாளிலிருந்து தேடட்டும்.