புரண்டு புரண்டு சோர்ந்து போகும் படிகங்கள்: கேள்வி பதில்

நினைவகச் சில்லுகளுக்கான மெல்லிய படலங்களைச் செய்து அளப்பது என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஃபெரோஎலக்ட்ரிக் என்றால் இரும்பு கலந்ததா மேடம்?

இல்லை. காந்தத்தைப் போல நடந்துகொள்வதால் வந்த பெயர். மின்புலம் கொடுத்தால் படிகத்தின் முனைவாக்கம் (அணுக்கள் கொஞ்சம் நகர்வதால் ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் ஆவது) ஒரு பக்கம் திரும்பும். மின்புலத்தை நிறுத்திய பிறகும் அப்படியே நிற்கும். எதிர்ப்பக்கம் கொடுத்தால் புரளும். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 0. நினைவகத்துக்கு அது போதும்.

அணுக்கள் கொஞ்சம் நகர்வதற்கெல்லாம் பொருள் தேயுமா?

தேய்மானம் என்பதைவிடச் சோர்வு என்பதே சரி. படிக்கிற காலத்தில் பிளாட்டினம் மின்வாய் (மின்னழுத்தம் கொடுக்கும் உலோகத் தகடு) வைத்த பி.இசட்.டி. (ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த ஆக்சைடு) படலத்தை நொடிக்கு 10,000 தடவை புரட்ட விட்டுவிட்டு வெளியே போனேன். மூன்று மணி நேரம், ஒரு சினிமா ஓடும் நேரம்தான். 10 கோடி தடவை ஆகியிருந்தது. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது முனைவாக்கம் மாறுவதை வரைந்தால் ஒரு வளையம் வரும்; எவ்வளவு புரள்கிறதோ அவ்வளவு கொழுத்திருக்கும். போகும்போது திரையில் கொழுகொழுவென்று இருந்த அந்த வளையம், வந்து பார்த்தால் வாடிய வெண்டைக்காய் மாதிரி கிடந்தது. படலத்தில் விரிசல் இல்லை, கருகல் இல்லை. புரள வேண்டிய பகுதிகளில் பாதி புரளவில்லை, அவ்வளவுதான்.

எது தடுக்கிறது?

முதல் குற்றவாளி ஆக்சிஜன் காலியிடம், அதாவது ஆக்சிஜன் அணு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போவது. பி.இசட்.டி.யை 600 டிகிரி வாக்கில் சுடும்போது ஈயம் ஆவியாகும், கூடவே ஆக்சிஜனும் குறையும். காலியிடத்துக்கு நேர்மின்னேற்றம் உண்டு. மின்புலம் மாறி மாறி இழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மின்வாய் ஓரம் போய்க் குவியும். எதிரெதிர் திசைப் பகுதிகளுக்கு நடுவே டொமைன் சுவர் என்று ஓர் எல்லை உண்டு, தடிமன் ஒன்றிரண்டு நானோமீட்டர். புரள்வது என்றால் இந்தச் சுவர் நகர்வது. காலியிடங்கள் அதை ஆணி அடித்த மாதிரி நிறுத்திவிடும்.

வேறொரு கட்சியும் உண்டு: சுவர் மாட்டிக்கொள்வது இரண்டாம் பட்சம், மின்வாய் ஓரத்தில் எதிர்ப்பக்கம் திரும்பிய புதுப் பகுதி முளைப்பதே நின்றுபோகிறது என்பார்கள். எனக்கு இதுவும் நியாயமாகவே படுகிறது. இரண்டிலும் வினை ஓரத்தில்தான் நடக்கிறது. பிளாட்டினத்துக்குப் பதில் ருத்தேனியம் ஆக்சைடோ இரிடியம் ஆக்சைடோ மின்வாயாக வைத்தால் அதே படலம் பல மடங்கு தாங்குவதற்கும் அதுவே காரணம்; அந்த மின்வாய்கள் ஆக்சிஜனை வாங்கவும் கொடுக்கவும் செய்யும்.

இதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். நானோ அளவு ஊசிமுனையால் படலத்தைத் தடவி, எந்தப் புள்ளி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று வரைபடம் எடுக்கலாம். சோர்ந்த படலத்தில் சில திட்டுகள் மட்டும் எவ்வளவு புரட்டினாலும் அசையாமல் கிடக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்தே மின்புலம் கொடுத்து, சுவர்கள் ஓடி ஓடி நிற்பதைப் படம் பிடித்தும் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு கேஸ் லைட்டர் பொறி விடுவதில்லை. இதே சோர்வா அக்கா?

உள்ளே இருப்பது பெரும்பாலும் பி.இசட்.டி.தான், ஆனால் நோய் இது இல்லை. லைட்டரில் முனைவாக்கம் புரள்வதே கிடையாது. ஆலையில் ஒருமுறை திருப்பி வைத்ததுதான். முனையில் பிசுக்கைத் துடைத்துப் பாருங்கள், இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

ஹாஃப்னியம் ஆக்சைடு முதலில் நன்றாகி அப்புறம் கெடுகிறதாமே?

ஆமாம், விசித்திரமான சரக்கு. 2011-ல் ஜெர்மனியில் சிலிக்கான் கலந்த ஹாஃப்னியம் ஆக்சைடில் ஃபெரோஎலக்ட்ரிக் குணம் உண்டு என்று காட்டினார்கள். படலம் 10 நானோமீட்டர் வாக்கில். செய்த புதிதில் வளையம் இடுப்பு ஒடுங்கி இருக்கும். சில ஆயிரம் தடவை புரட்டினால் காலியிடங்கள் பரவி, வளையம் விரியும். இதை விழிப்பு என்கிறோம். மேலும் ஓட்டினால் சோர்வு, இல்லையேல் ஷார்ட் ஆகி மொத்தமாகப் போய்விடும். காரணம் லேசானது: 10 நானோமீட்டரில் 1 வோல்ட் என்றால் மீட்டருக்கு 10 கோடி வோல்ட். இதைப் புரட்ட ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். அதன் நாலைந்து மடங்கில் படலமே உடைந்துவிடும். பி.இசட்.டி.க்கு இவ்வளவு நெருக்கடி இல்லை.

சோர்ந்ததை மீட்க முடியுமா?

பல சமயம் முடியும். சூடாக்கினாலோ கொஞ்சம் பெரிய மின்னழுத்தம் கொடுத்தாலோ மாட்டிக்கொண்ட சுவர்கள் விடுபட்டு வளையம் மறுபடி கொழுக்கும். படிக அமைப்பே சிதைந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எழுதும்போதுதானே புரள்கிறது? படிக்க மட்டும் வைத்தால் ஆயுள் கூடுமா சார்?

சார் இல்லை, மேடம்! எஃப்ரேமில், அதாவது ஃபெரோஎலக்ட்ரிக் நினைவகச் சில்லில், படிப்பதும் புரட்டித்தான். ஒரு பக்கம் தள்ளிப் பார்த்து, புரண்டால் இது, புரளாவிட்டால் அது என்று கண்டுபிடித்துவிட்டு, அழிந்ததை உடனே திரும்ப எழுதிவிடும். அதனால் படித்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.