குழம்பில் எண்ணெய் குறைத்தும் கொழுப்பு குறையவில்லையே?

கேள்வி: என் கணவருக்கு வயது 36. கடலூர் முதுநகரில் மீன்பிடித் தொழில். ஒல்லியான உடம்பு, குடி, பீடி கிடையாது. ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 236 என்று வந்திருக்கிறது. அவர் அப்பா 44 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். "நீ ஊற்றுகிற எண்ணெய்தான் காரணம்" என்கிறார் மாமியார். ஆறு மாதமாக எண்ணெயைப் பாதியாக்கியும் 228தான். மாத்திரை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்க போட வேண்டுமாமே? எங்களுக்கு 9 வயதில் மகனும் 6 வயதில் மகளும் இருக்கிறார்கள்.

பதில்: முதலில் உங்கள் மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். 190ஐத் தாண்டிய எல்டிஎல், அதுவும் ஒல்லியான ஆளுக்கு, அப்பாவுக்கு 44 வயதில் மாரடைப்பு என்றால், என் சந்தேகம் சமையலறை மேல் இல்லை, மரபணு மேல்தான். தைராய்டு, சிறுநீரகக் கோளாறாலும் எல்டிஎல் ஏறும். அவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த இடத்தை வைத்தே சொல்கிறேன். துறைமுகத்துக்குப் படகுகள் வந்து நிற்கின்றன, மீனை இறக்க ஆட்கள் பாதிதான் இருக்கிறார்கள் என்று வையுங்கள். படகுகள் தேங்கும். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து வரும் எல்டிஎல் தேங்குவதும் இப்படித்தான். அதைப் பிடித்து உள்ளே இழுக்கும் 'ஏற்பி'கள் ஈரல் செல்களின் மேல் இருக்கின்றன. அவற்றைச் செய்யும் மரபணு 19ஆம் குரோமோசோமில் உள்ளது. அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. ஒன்று பழுதானால் வேலை செய்யும் ஏற்பிகள் ஏறத்தாழ பாதியாகிவிடும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இப்படிப் பரம்பரையாக வருகிறது. அமெரிக்காவின் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்து இதைக் கண்டுபிடித்து, 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே தயாரிப்பது. செல்லுக்குள் அது குறைந்தால், ஒரு புரதம் கிளம்பிப்போய் உட்கருவில் இரண்டு வேலைகளை முடுக்கிவிடும்: கொலஸ்ட்ரால் தயாரிப்பது ஒன்று, ஏற்பிகளைக் கூட்டுவது இன்னொன்று. கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை முதல் வேலையைத் தடுக்கிறது. செல் பற்றாக்குறையை உணர்ந்து, நல்ல பிரதியைக் கொண்டு இன்னும் ஏற்பிகளைச் செய்கிறது, ரத்தத்தில் தேங்கியது உள்ளே போகிறது. மாத்திரையை நிறுத்தினால் பழைய கதைதான். அதனால் வாழ்நாள் முழுக்க என்பது உண்மை. மரபணு மாறப்போவதில்லையே! எல்டிஎல் போதுமான அளவு இறங்காவிட்டால், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் என்ற மாத்திரையையும் சேர்ப்பார்கள்.

எண்ணெயைக் குறைத்தது வீண் இல்லை, அப்படியே தொடரட்டும். மீன் குழம்பை விடவே வேண்டாம். பொரித்ததையும் பாமாயிலையும் குறையுங்கள். ஆனால் 236ஐ சமையலால் மட்டும் நூறுக்குக் கீழே கொண்டுவர முடியாது.

அவருடைய குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நாண் முண்டுமுண்டாகப் பெருத்திருக்கிறதா, கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மரபணுப் பரிசோதனை செலவுள்ளது, கட்டாயமில்லை.

அவருக்கு இந்த மரபணுக் கோளாறு இருந்தால், குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் இது வர 50 சதவீத வாய்ப்பு. பையனுக்கும் பெண்ணுக்கும் இப்போதே கொழுப்புப் பரிசோதனை செய்துவிடுங்கள், வெறும் வயிறு என்று அலைய வேண்டாம். உறுதியானால் 8 முதல் 10 வயதிலேயே மாத்திரை தொடங்குவதுண்டு, பயப்படாதீர்கள். கணவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் புதுச்சேரியிலோ வேறு ஊரிலோ இருந்தாலும், இந்த வாரமே போன் போட்டு எல்டிஎல் பார்க்கச் சொல்லுங்கள்.